அரை டின் பெயிண்ட்காரர்கள்

கொசுவுக்கும் கரப்பானுக்கும் அடுத்தபடியாக, ஒழிக்கவே முடியாத ஓர் இனம் இந்த உலகத்தில் உண்டு. பழைய சாமான் எதைக் கண்டாலும் "இதுக்கு ஒரு பூச்சு குடுத்தா புதுசாயிடும்" என்று சொல்கிறவர்கள். இவர்களுடைய கட்டிலுக்கு அடியில் எப்போதும் அரை டின் பெயிண்ட் மிச்சம் இருக்கும். முழு டின்னை யாரும் பார்த்ததில்லை. காது மடலில் ஒரு சொட்டு காய்ந்திருக்கும். தச்சன் எதற்கு, தையல்காரன் எதற்கு, நான் இல்லையா என்பார்கள். தொழில் தெரியுமா என்றால், தெரியாது. நம்பிக்கை மட்டும் ஏராளமாக இருக்கும்.

இவ்வளவு விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? தினமும் காலையில் முகக்கண்ணாடியில் பார்க்கிறேனே.

எங்கள் கல்மண்டபம் பேட்டையில் இந்த இனத்துக்குப் பஞ்சமே இல்லை. துறைமுகம் பக்கத்தில் இருப்பதால், கப்பலுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட் எப்படியோ வீடு வந்து சேர்ந்துவிடும். தெருவில் தண்ணீர் வாளி, ஜன்னல் கம்பி, ஆட்டுக் கொம்பு எல்லாம் ஒரே சிவப்பு. கப்பலின் அடிவயிற்றில் பூசுகிற சிவப்பு. துறைமுகத்தில் மூட்டை எண்ணும் குமாஸ்தாவான நான் மட்டும் சும்மா இருப்பேனா?

சுதந்திரம் வந்து நாலாவது வருஷம், பக்கத்து வீட்டு ஹபீபுல்லா பாயும் அவர் மனைவி காத்தூன் பீவியும் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார்கள். அவர்கள் வீட்டு ஓடு மழைக்கு ஒழுகும். ஆகவே, வெள்ளைக்காரத் துரை ஒருவர் ஊர் திரும்பும்போது விட்ட ஏலத்தில் தான் எடுத்திருந்த வெல்வெட் சோபாவைப் பாய் எங்கள் வீட்டில் வைத்தார். "இது உன்கிட்ட அமானிதம், நைனா" என்றார். நம்பி ஒப்படைக்கிற பொருளுக்கு அவர்கள் சொல்லும் வார்த்தை. வந்தபடியே திரும்பிப் போக வேண்டும்.

சோபா நல்ல சோபாதான். வெல்வெட் மட்டும் வெளுத்துப்போய், முன்னால் அது என்ன நிறம் என்று பட்டிமன்றம் நடத்தலாம் போல் இருந்தது. எங்கள் இனத்தான் ஒருவனை வெளுத்த துணியோடு மூன்று மாதம் ஒரே அறையில் விட்டால் என்ன ஆகும்?

"அது பாய் வூட்டு சாமான். ஒனக்கு இன்னாத்துக்குய்யா இந்த வேலை?" என்றாள் என் மனைவி ராஜாத்தி.

"ஹாஜியாரா திரும்பி வர்றாரு. ஊரே பாக்க வரும். இதுலயா உக்கார வெக்கிறது?"

"துணியில அடிச்சா காயுமா?"

"கப்பலுக்கே காயுது."

துணிக்கென்று தனிப் பெயிண்ட் உண்டு என்று எங்கேயோ கேட்டிருந்தேன். பெயிண்ட் என்றால் பெயிண்ட்தானே? அந்தக் கப்பல் சிவப்பையே டர்பன்டைன் விட்டுக் கரைத்து, வெல்வெட்டை ஈரத்துணியால் துடைத்து, ஒரு பூச்சு பூசி, உப்புத்தாளால் தேய்த்து, மறு பூச்சு பூசி, மறுபடி தேய்த்து, ஐப்பசி மழையையும் கடல் காற்றையும் லட்சியம் செய்யாமல் நாலு பூச்சு முடித்தேன். தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. தோள் கழன்றுவிடும் போல் வலித்தாலும் மனசெல்லாம் ஒரே சந்தோஷம். ராஜாத்தியே ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டுப் போனாள்.

பாய் வந்து இறங்கிய அன்று காலையில் சோபாவை அவர் கூடத்தில் கொண்டுபோய்ப் போட்டேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வெள்ளை வெளேரென்ற ஜிப்பாவோடு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பெரிய சரீரம். அந்தச் சூட்டிலும் பாரத்திலும், மேலே மட்டும் காய்ந்திருந்த பெயிண்ட் உள்ளிருந்து கசிய ஆரம்பித்தது. யாரும் கவனிக்கவில்லை.

ஹஜ் முடித்து வந்தவரைக் கட்டித் தழுவுவது வழக்கம். முதலில் மிளகாய் மண்டி சௌக்கத் அலி வந்தார். ஹாஜியார் எழுந்தார், தழுவினார்கள், முதுகில் வைத்த கை சிவந்தது. அந்தக் கையோடு சௌக்கத் அலி பின்னால் வந்த எதிர்வீட்டு ரஹீமைத் தழுவ, ரஹீம் தன் மாமனாரைத் தழுவ, மாமனார் மறுபடி ஹாஜியாரைத் தழுவ, இப்படி அன்பு பெருகிப் பெருகி, உச்சிப் பொழுதுக்குள் அந்தக் கூடத்தில் வெள்ளை உடுப்பு என்று ஒன்றும் மிஞ்சவில்லை.

ஹாஜியார் தன் முதுகைத் தொட்டு உள்ளங்கையைப் பார்த்தார். சோபாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பதினைந்து வருஷச் சிநேகிதம் போயிற்று என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுகை வந்துவிட்டது.

"ஹஜ்ஜு முடிச்சிகினு வந்துகீறேன்" என்றார் மெதுவாக. "இப்ப நான் யாரையும் ஏசக் கூடாது."

"மன்னிச்சுடுங்க பாய்."

"போறப்போ வூடு வூடா போயி எல்லார்கிட்டயும் மாப்பு கேட்டுகினு போனேன். உன்கிட்டயும் கேட்டேன். அன்னிக்கே நீயும் ஒண்ணு கேட்டு வெச்சிருக்கலாம், நைனா. மனசார குடுத்துட்டுப் போயிருப்பேன்."

"இப்போ?"

"இப்போ கொஞ்ச நாளு ஆவும்."

ஹஜ்ஜின் புண்ணியம் நாற்பது நாள் நாவில் தங்கும் என்பது அவர் நம்பிக்கை. நாற்பது நாளும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. நாற்பத்தோராம் நாள் விடிந்ததும் எங்கள் வாசலில் வந்து நின்று, சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் தெரு கேட்க ஏசித் தீர்த்தார். முடித்துவிட்டு, "டீ கீதா?" என்று கேட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். அப்போதுதான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இதைப் படித்துக்கொண்டு வரும்போது, 'ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் இன்னும் இரண்டு நாள் காயவிட்டிருந்தால் சரியாக வந்திருக்கும்' என்று உங்கள் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியதா? ஓடியிருந்தால், பக்கத்து வீட்டுக்காரரிடம் இன்றைக்கே போய் ஒரு மாப்பு கேட்டு வைத்துவிடுங்கள்.