நிலவறைப் பெருங்காயம்

“இப்பம்?” என்று நிலவறைக்குள்ளிருந்து கேட்டார் அழகியநம்பி.

“இருக்கு” என்றாள், மேலே படிவாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற அவர் மனைவி முத்தாரம்மாள்.

அவளைக் கேட்டுத்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஆரியசாலையில் பெருங்காய மொத்த வியாபாரம் செய்து செய்து, அந்த ஒரு வாசனைக்கு மட்டும் அவர் மூக்கு செத்துப்போயிருந்தது. மூட்டைகள் கிடந்ததோ கூடத்துக்கு நேர் கீழே, அந்த நிலவறையில்.

மறுநாள் நாகர்கோவிலிலிருந்து மகள் நீலாம்பாளைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை வக்கீல். இந்த இடம் தட்டிப்போனால் இனி இப்படி ஒன்று அமையாது. பேச்சையெல்லாம் முடித்துவிட்டுக் கிளம்பிய தரகர் சுப்பு, போகிற போக்கில் வாயை வைத்துக்கொண்டு சும்மா போகவில்லை.

“விலாசம் எதுக்கு அண்ணாச்சி? ஆரியசாலைக்கு வந்து மூக்கு போற வழிக்குப் போனா ஒங்க வீடுதானே.”

நம்பி சிரித்தார். முத்தாரம்மாள் சிரிக்கவில்லை. சம்பந்தி வீட்டார் கூடத்தில் உட்கார்ந்து முகத்தைச் சுளித்தால் மானம் கப்பலேறிவிடும், நாளைக்குள் அந்த நாற்றம் போயாக வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

முதலில் மூட்டைகளை வண்டியிலேற்றிப் பின்தெருவில் பங்காளி சிவதாணு வீட்டு முன்னறையில் அடுக்கினார்கள். சிவதாணு நல்ல மனுஷர். தன் பெண்ணுக்கு இன்னும் வரன் அமையவில்லையே என்ற ஏக்கம் இருந்தும், முகங்கோணாமல் இடம் கொடுத்தார்.

“இப்பம்?”

“இருக்கு.”

மூட்டைகள் போனாலும் சுவர் விடவில்லை. சுண்ணாம்பு அடித்தார்கள். ஈரச் சுண்ணாம்பும் பெருங்காயமும் கூட்டுச் சேர்ந்ததில், முத்தாரம்மாளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. சரி, சாம்பிராணி போடலாம் என்று நம்பி ஒரு சட்டி நிறைய நெருப்பை வாங்கிக் கீழே வைத்தார். புகை, கூடத்துப் பலகை இடுக்கெல்லாம் புகுந்து தெருவரைக்கும் போயிற்று. நம்பி வீடு தீப்பிடித்துவிட்டதென்று தெருவே குடமும் கையுமாக ஓடிவந்து, யாரும் எதையும் விளக்குவதற்குள் நிலவறையில் முழங்கால் தண்ணீர் நிறைத்துவிட்டுப் போனது.

தண்ணீரை இறைத்து முடித்தபோது, காலங்காலமாகத் தரையில் ஊறிக்கிடந்த வாசனையெல்லாம் உயிர்பெற்று எழுந்தது. நீலாம்பாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, இந்த வீட்டுக்கு யாரும் என்னைப் பார்க்க வரவே வேண்டாம் என்று அழ ஆரம்பித்தாள். நம்பிக்கு மனசு தாங்கவில்லை. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டு, தாமே மண்வெட்டியைத் தூக்கினார். தரை மண்ணை வெட்டி வெட்டி வண்டியில் அள்ளினார்கள். அதையும் கொட்ட வேறு இடமில்லாமல், சிவதாணு வீட்டு வாசலோரத்திலேயே கொட்டினார்கள். அதற்கும் அந்த மனுஷர் சரி என்றார்.

வெட்டிய இடத்தில் புது மணல் பரப்பி, அதன்மேல் வெட்டிவேரைத் தூவினார்கள். விடிந்துவிட்டது.

“இப்பம்?” என்றார் நம்பி.

முத்தாரம்மாள் கீழே இறங்கி வந்தாள். மூலை மூலையாக மோந்து பார்த்தாள்.

“இல்ல. ஒரு பொட்டு இல்ல” என்றாள். சொல்லும்போது அவள் கண் கலங்கிவிட்டது. நம்பிக்கு முடிசூட்டியதுபோல இருந்தது.

நீலாம்பாள் பட்டுச்சேலை கட்டித் தயாரானாள். பூக்காரி அம்மிணி கூடை நிறையப் பிச்சிப்பூ கொடுத்துவிட்டுப் போனாள். கேசரி இறங்கியது, பஜ்ஜி பொரிந்தது. நாகர்கோவில் பஸ் வரும் நேரமும் வந்தது, போனது. நம்பி வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். கேசரி ஆறிக் கட்டியாகிவிட்டது. நீலாம்பாள் தலையில் பூ வாடத் தொடங்கியது. பஸ் வழியில் நின்றுபோயிருக்கும் என்று முத்தாரம்மாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அந்த நேரத்தில் அம்மிணி காலிக் கூடையோடு பின்தெருப் பக்கமிருந்து வந்தாள். நம்பி அவளை நிறுத்தி, வெளியூர்க்காரர்கள் யாரையாவது வழியில் பார்த்தாயா என்று கேட்டார்.

“நாகர்கோவில்காரங்கதானே? அவங்க அப்பமே வந்தாச்சே அண்ணாச்சி. தரகர் சொல்லிவிட்டபடி காய மணத்தைப் பிடிச்சு நேரே சிவதாணு அண்ணாச்சி வீட்டுல போய் இருந்து, அவரு பொண்ணையும் பிடிச்சுப்போய், இப்பம் தாம்பூலம் மாத்துதாங்க. அதுக்குத்தான் மிச்சப் பூவையும் அங்க கொடுத்துட்டு வாறேன்.”