செல்வராஜ் சாரின் இரண்டாவது குரல்

சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்கியவன் நான். அடுத்தவர் எழுதிய மென்பொருளைத் தட்டிப் பார்த்து, எங்கே உடைகிறது என்று கண்டுபிடித்து, எழுதியவர் பெயரோடு மேலிடத்துக்கு அனுப்புவதுதான் ஓசூர் ரோட்டுக் கம்பெனியில் என் வேலை. அதில் கெட்டிக்காரன் என்று பெயர் வேறு. அந்தக் கெட்டிக்காரத்தனத்தை டிபன் பாக்ஸோடு வீட்டுக்கும் தூக்கி வந்ததுதான் நான் செய்த தப்பு. (வீட்டில் அதற்குச் சம்பளமும் கிடையாது, சமயத்தில் சாப்பாடும் கிடையாது.)

எனக்கு ஹாம் ரேடியோ பைத்தியம் உண்டு. பரீட்சை எழுதி, அரசாங்க லைசென்ஸ் வாங்கி, சொந்த செட்டில் ஊர் உலகத்தோடு பேசுகிற பொழுதுபோக்கு. அதற்குச் செட்டைவிட ஏரியல் முக்கியம். மொட்டை மாடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு ஒயர் கட்டியாக வேண்டும். பெங்களூரில் வாடகைக்கு இருப்பவனுக்கு அந்த ஒயர்தான் எமன். பொம்மனஹள்ளியில் முதல் வீட்டுக்காரர், நான் ஒயர் கட்டி இடியை வரவழைக்கிறேன் என்று காலி பண்ணச் சொன்னார். இரண்டாமவர் என்னை உளவாளி என்றே முடிவு கட்டி, ஒரு போலீஸ்காரரை டீ குடிக்கக் கூட்டி வந்தார். கல்யாணமான எட்டு மாதத்தில் இரண்டு தடவை பாத்திரம் பண்டம் மூட்டை கட்டிய என் மனைவி வனஜா தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"மூணாவது வாட்டி மூட்டை கட்டினா அது குடியாத்தத்துல எங்க அம்மா வீட்டுக்குத்தான். நீங்க அந்த ஒயரோட குடும்பம் நடத்துங்க."

அப்போதுதான் செல்வராஜ் சார் கிடைத்தார். ஃபாக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். குடியிருப்பது ஆஸ்டின் டவுனில். நடந்து போகிற தூரத்தில் விவேக் நகரில் வாடகைக்கு விட இன்னொரு வீடு. எல்லாவற்றுக்கும் மேலாக, அவரே ஒரு ஹாம். "மாடி பூரா உன்னுதுப்பா. தண்ணி டேங்க் மூடிய மட்டும் தொறக்காத" என்று சாவியைக் கையில் வைத்தார். வனஜா பக்கத்திலிருந்த மாதா கோவிலைப் பார்த்துக் கும்பிட்டாள். எனக்கோ அந்த நிமிஷமே லேசாக உறுத்தியது. இவ்வளவு நல்ல வீட்டுக்காரர் எப்படி இருக்க முடியும்?

குடிவந்த இரண்டாம் மாதம் என் செட் புகைந்து செத்தது. நல்லவேளையாக, வெளிநாட்டிலிருந்து நான் வரவழைத்த, நாமே பூட்டிக்கொள்கிற ஒரு ரேடியோ கிட் அதே வாரம் தபாலில் வந்து சேர்ந்தது. தீப்பெட்டி அளவுக்கு ஒரு பலகை. பாகங்களை ஈயத்தை உருக்கிச் சால்டர் வைத்து ஒட்டி, அதன் இரண்டு ஒயர்களைக் கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டில் சொருகினால், மிச்ச ரேடியோவை மென்பொருளே செய்துவிடும். இதில் பேச முடியாது, கேட்க மட்டுந்தான். ஆனால் திருகித் திருகித் தேட வேண்டாம். யார் எந்த அலைவரிசையில் பேசுகிறார்கள் என்பது திரையில் கோடு கோடாக இறங்கும். மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் நின்று எல்லா பஸ் போர்டையும் ஒரே பார்வையில் படிப்பது மாதிரி.

செல்வராஜ் சார் வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். அவருடைய செட் வால்வு போட்டது. இரண்டு ஆள் தூக்க வேண்டும்.

"இது ரேடியோ இல்லப்பா, டிவி. கண்ணால ரேடியோ கேக்கறவன நான் நம்பறதில்ல."

நம்பாததோடு நிற்கவில்லை. செட் செத்துப் போனதால் குமார் இப்போது எதையும் கேட்பதில்லை என்று எங்கள் ஹாம் கிளப் முழுக்கச் சொல்லியும் வைத்தார். (குமார் நான்தான்.) பின்னால் நடந்த அத்தனைக்கும் அந்த ஒரு வார்த்தைதான் காரணம் என்று நான் இன்றுவரை வாதாடிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் எடுபடவில்லை.

தினமும் காலை ஏழு மணிக்கு ஊர் ஹாம்கள் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசுவார்கள். ஒரு நாள் அதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது பக்கம் செல்வராஜ் சாரின் கோடு தடியாக இறங்கியது; இரண்டு தெரு தள்ளி இருப்பவர், பலமாகத்தான் இருக்கும். வலது பக்கம், யாரும் இல்லாத ஒரு இடத்தில், மெலிசாக இன்னொரு கோடு. அதில் சொடுக்கினால் வாத்து கத்துகிற சத்தம். எங்கள் அலைவரிசையில் எல்லோரும் குரலை அனுப்புவதற்கு ஒரே முறை உண்டு. யாராவது அதைத் தலைகீழாக்கிப் பேசினால் கேட்கிறவர் காதில் வாத்துதான் விழும். நான் மென்பொருளில் ஒரு பொத்தானைத் தட்டி அதை மறுபடி தலைகீழாக்கிக் கேட்டேன்.

செல்வராஜ் சாரின் குரல்.

எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. பயத்தால் இல்லை, சந்தோஷத்தால். ஒரு மனுஷன் தனி இடத்தில், யாருக்கும் புரியாதபடி தலைகீழாகப் பேசுகிறார் என்றால் சும்மாவா பேசுவார்? நோட்டுப் புத்தகம் எடுத்தேன். ஆபீஸில் எழுதுகிற மாதிரியே தேதி, நேரம், கண்ட குறை என்று கட்டம் போட்டேன். ஒரு வாரம் காலைக் கூட்டத்தின் பக்கமே போகாமல் வலது பக்கக் கோட்டையே கேட்டேன். அவர் பேசுவார், நிறுத்துவார், மறுபடி பேசுவார். எதிராளியின் குரல் மட்டும் எனக்குக் கேட்கவே இல்லை. எப்பேர்ப்பட்ட எமகாதகனாக இருக்க வேண்டும் அந்த எதிராளி!

வெள்ளிக்கிழமை இடி விழுந்தது.

"அந்த குமார் வீட்டு மாடியில இருக்கற ஒயரப் பாத்தாலே வயித்தெரிச்சலா இருக்கு." (மௌனம்.) "அறுத்து எறிஞ்சுடலாம். ஞாயித்துக்கெழம அவன் மீட்டிங்குக்கு வந்துடுவான், அந்த நேரத்துல." (மௌனம்.) "அவங்கிட்ட எதுக்குச் சொல்லணும்? சும்மா வேணாம் வேணாம்பான்."

மூன்றாவது வீடும் போனது. குடியாத்தம் பஸ் என் கண் முன்னால் ஹாரன் அடித்தது. கெஞ்சிப் பார்ப்போமா என்று ஒரு நல்ல யோசனை வந்தது, அதைத் தள்ளினேன். முந்திக்கொள்ள வேண்டும், ஊரைக் கூட்டி அவர் முகத்திரையைக் கிழிக்க வேண்டும், மானத்துக்குப் பயந்தாவது வீட்டை விட்டுவைப்பார் என்று கணக்குப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது வனஜாவிடம் சொன்னேன். "ஓனர் அனுப்பினார்னு சொல்லிக்கிட்டு ஆள் வருவாங்க. ஒயர அறுக்க வர்றவங்க. நம்பிடாதே, விட்டுடாதே."

"வரட்டும்" என்றாள். அந்தக் குரலைக் கேட்டு எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றி, மானிட்டரை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு கிளப் கூடுகிற ஸ்கூல் ஹாலுக்குப் போய்ச் சேர்ந்தேன். செயலாளர் நாகராஜைக் காணோம். அதையும் நோட்டில் குறித்துக்கொண்டேன். இருபது பேர் முன்னிலையில், பதிவு செய்து வைத்திருந்ததை ஓடவிட்டு, தொண்டையைச் செருமினேன்.

"நம்ம நடுவுல ஒருத்தர் ரகசிய அலைவரிசையில பேசறார். அவர் என் வீட்டுக்காரர் செல்வராஜ் சார்."

வாத்துச் சத்தத்தை முதலில் போட்டு, அப்புறம் தலைகீழாக்கிக் காட்டினேன். "ஒயர அறுத்து எறிஞ்சுடலாம்" என்று அவர் குரல் ஸ்பீக்கரில் கணீரென்று வந்தபோது, நான் தமிழ் சினிமா வக்கீல்கள் மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டேன்.

செல்வராஜ் சார் கோபப்படவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவர் நம்பாத அந்தத் திரைக்குப் பக்கத்தில் வந்தார். ஒரு நிமிஷம் பார்த்தார்.

"இடது பக்கத் தடிக் கோடு நான்தானே?"

"ஆமா சார்."

"நான் நிறுத்தறப்ப வலது பக்கம் இருக்கறவனும் நிறுத்தறான், பாத்தியா? நான் ஆரம்பிச்சா அவனும் ஆரம்பிக்கிறான். நடுவுலேருந்து ரெண்டு பக்கமும் அளந்து பாருப்பா."

ஸ்கேலை வைத்து அளந்தேன். நடுக்கோட்டிலிருந்து அவர் இடது பக்கம் எவ்வளவு தூரமோ, மற்றவர் வலது பக்கம் அதே தூரம். ஒரு நூல் பிசகவில்லை.

"இது நானில்ல, என் நெழலு. உன் டிவி கண்ணாடி மாதிரி காட்டுது. கண்ணாடியில இடம் வலம் மாறும்ல, அதான் தலைகீழா கேக்குது. மத்தவங்க தூரத்துல இருக்காங்க, அவங்க நெழலு தெரியற அளவுக்குப் பலம் பத்தல. நான் பக்கத்துல இருக்கேன், அதான் என்னுது மட்டும் விழுது. அந்தக் காலத்து செட்லயும் இந்த வியாதி உண்டு."

அதாவது, அவர் ரகசியமாக எதுவும் பேசவில்லை. நான் கேட்கமாட்டேன் என்ற தைரியத்தில் காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் பேசியதைத்தான் நான் ஒரு வாரம் ஒளிந்திருந்து கேட்டிருக்கிறேன். இரண்டு ஒயரிலும் சிக்னல் சவுண்ட் கார்டுக்குச் சம பலத்தில் போனால் நிழல் மறைந்துவிடும். ஒன்றில் என் சால்டர் சரியாகப் பிடிக்கவில்லை. அதைச் சரிபார்க்காமல் எதையும் நம்பாதே என்று கிட்டோடு வந்த தாளின் முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. ஊரார் வேலையில் எல்லாம் ஓட்டை கண்டுபிடித்த நான், என் கையால் வைத்த ஒரு சால்டரைச் சோதிக்கவில்லை.

"அப்ப ஒயர அறுக்கறது?" என்று கேட்டேன். எனக்கே என் குரல் வாத்து மாதிரி கேட்டது.

"நீ கட்டியிருக்கறது துணி காயப்போடற கொடிப்பா. அதுல என்ன கேக்கும்? நல்ல தாமிரக் கம்பி வாங்கி, நாகராஜையும் அவர் மச்சானையும் கட்டச் சொல்லி அனுப்பினேன். நீ வீட்டுக்குப் போறப்ப பாக்கணும்னு..."

அவர் முடிப்பதற்குள் என் செல்போன் அடித்தது. வனஜா.

"என்னங்க, நீங்க சொன்ன மாதிரியே வந்தானுங்க. ஓனர் அனுப்பினார்னே சொன்னானுங்க. மாடிக்கு விட்டுட்டு வெளியிலேருந்து பூட்டிட்டேன். போலீஸ கூப்பிடட்டுமா?"

பின்னணியில் நாகராஜின் குரல், கதவைத் தட்டிக்கொண்டே, திறக்கச் சொல்லிக் கன்னடத்தில்: "அக்கா, பாகிலு தெகீரி அக்கா!"

போனை வைத்தபோது இருபது பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நிமிஷம் பூமி பிளந்திருந்தால் முதல் ஆளாக இறங்கியிருப்பேன். அவமானத்தைவிட, தாமிரக் கம்பி வாங்கிக் கொடுத்த மனுஷனை இருபது பேர் நடுவில் நிறுத்தினேனே என்பதுதான் அறுத்தது. வீடு போவது நியாயம் என்றே நினைத்தேன்.

எல்லோரும் விவேக் நகருக்கு நடந்தோம். வனஜா கையில் துடைப்பத்தோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். கதவைத் திறந்தால், மாடியில் புது ஏரியல் விறைப்பாக நின்றது. உச்சி வெயிலில் தாகம் தாங்காமல் நாகராஜும் மச்சானும் தண்ணீர் டேங்க் மூடியைத் திறந்து வைத்திருந்தார்கள். செல்வராஜ் சார் அன்றைக்குக் கோபப்பட்டது அது ஒன்றுக்குத்தான்.

வீட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாடிக் கதவின் பூட்டை மட்டும் கழற்றிக்கொண்டு போனார். அது இன்றைக்கும் அவருடைய வால்வு செட்டின் மேல் இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டிக் கதை சொல்வார்.

என் செட்டைப் பழுது பார்த்த பிறகு, புது ஏரியலில் நான் பேசிய முதல் வார்த்தை மன்னிப்பு. காலைக் கூட்டத்தில், எல்லோரும் கேட்க, மூச்சு விடாமல் இரண்டு நிமிஷம் கேட்டேன். முடித்துவிட்டுக் காத்திருந்தேன். அப்புறம் செல்வராஜ் சார் வந்தார்.

"கொரல் நல்லா கேக்குது. பேசறது நீயா, உன் நெழலா?"

அந்த வீட்டில் பதினொரு வருஷம் இருந்தோம். பெண் அங்கேதான் பிறந்தாள். இப்போது வேறு வீடு, வேறு கம்பெனி. ஆனால் ஆபீஸிலிருந்து நான் போன் செய்து, பக்கத்து வீட்டுக்காரர் நம் பேப்பரை எடுக்கிறாரோ என்று ஆரம்பித்தால், தாயும் மகளும் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு ஒரே குரலில் செல்வராஜ் சாரின் அந்தக் கேள்வியையேதான் கேட்கிறார்கள்.