ஒரே அட்டை, இரண்டு அணி

"டீச்சர், தங்கவேலுக்குத் தொண்டை கட்டிட்டு. நீங்க எதிரணிக்கு வந்துருங்க," என்றார் சுயம்புலிங்கம். தி.நகரில் சேலைக்கடை வைத்திருப்பவர். அடையாறு குடியிருப்போர் சங்கப் பட்டிமன்றத்துக்கு அவர்தான் நடுவர்.

தொடங்க இருபது நிமிடம் இருந்தது. தலைப்பு, 'நிதியமைச்சர் நாட்டை ஆளத் தகுதியானவரா?' பொருளியல் ஆசிரியை தஹ்சீன், 'தகுதியானவரே' என்று பேச மூன்று வாரம் தயாரித்திருந்தாள். இன்று பெயர் வாங்கினால் பொங்கலுக்கு டிவி பட்டிமன்றத்தில் இடம் என்று சொல்லியிருந்தவரும் இதே சுயம்புலிங்கம்தான்.

"மூணு வாரமா அவரை நல்லவர்னு நிரூபிச்சு வச்சிருக்கேன், சார்."

"திருப்பிப் போடுங்க. சேலைக்கு ரெண்டு பக்கமும் பார்டர் இருக்குல்லா?"

குறிப்பு அட்டைகளையும் சிவப்புப் பேனாவையும் எடுத்தாள். அரசின் வரவைச் செலவு எவ்வளவு மிஞ்சுகிறதோ அதுதான் பற்றாக்குறை. அமைச்சர் அதைக் குறைத்திருந்தார். 'சிக்கனக்காரர்' என்பதை அடித்துவிட்டு, 'ரோடு போடாமல் மிச்சம் பிடித்தவர்' என்று எழுதினாள். எண் அப்படியேதான் இருந்தது. அதுதான் எரிச்சலாக இருந்தது.

கடைசி அட்டையை முடிக்கும்போது தங்கவேல் சுக்குக் கஷாயத்தோடு வந்து, கணீரென்று வணக்கம் சொன்னார். பழைய அணிக்கே போகச் சொன்னார் நடுவர். வேறு வழியில்லாமல் அட்டைகளின் பின்பக்கத்தில் பழைய வாதங்களை நீலத்தில் எழுதினாள்.

மேடையில் மின்விசிறி அத்தனையையும் பறக்கவிட்டது. பொறுக்கியெடுத்ததில் எது எந்தப் பக்கம் என்று பார்க்க நேரமில்லை.

"பற்றாக்குறையைக் குறைத்தவர், நடுவர் அவர்களே. சிக்கனம் தெரிந்தவரிடம் நாட்டைக் கொடுக்கலாம்." கைதட்டல்.

அடுத்த அட்டை. "ஏழு சதவீத வளர்ச்சி. யாருக்கு? மாம்பலம் ரயிலில் தொங்குகிறவருக்கா? இவரிடமா நாட்டைக் கொடுப்பது?" அதற்கும் கைதட்டல். சொந்த அணி தலையில் கைவைத்தது.

சமாளிக்க, மழையும் கச்சா எண்ணெயும் எந்த அமைச்சர் சொன்னாலும் கேட்காது, பாராட்டோ பழியோ பாதிதான் அவருக்குச் சேரும் என்று விளக்கினாள். இப்போது இரண்டு அணியும் முறைத்தன. மணி அடித்தது.

முன்வரிசையில் ஒருவர் மட்டும் விடாமல் குறிப்பெடுத்தார். பத்திரிகைக்காரர் போலிருக்கிறது, மானம் போகப்போகிறது என்று கலங்கினாள்.

இறங்கியதும் சுயம்புலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பொங்கல் போயிற்று. குறிப்பெடுத்தவர் அருகில் வந்தார்.

"ஒரே கணக்குக்கு ரெண்டு பக்கமும் கைதட்டு வாங்கிட்டீங்களே, மேடம். நான் நிதியமைச்சர் ஆபீஸ்லேருந்து வர்றேன். இந்த வருஷம் பட்ஜெட் உரை எழுதிக் கொடுக்கறீங்களா?"