இருமிக் கூப்பிடுகிறவர்கள்

எங்கள் தெருவில் ஒரு வகை ஆண்கள் இருக்கிறார்கள். பெண்டாட்டியைக் கூப்பிட வேண்டுமென்றால் இருமுவார்கள். கம்பெனி வேனிலிருந்து இறங்கியதும் ஓர் இருமல், கதவு திறக்கும். தட்டுக்கு முன் உட்கார்ந்து ஓர் இருமல், குழம்பு வரும். செல்போன் வந்த இந்த நாலைந்து வருடமாக அதுவும் குறைந்து, தெருமுனையிலிருந்தே மிஸ்டு கால் விடுகிறார்கள். தவறி அவள் எடுத்துவிட்டால், "எதுக்கு எடுத்த? காசு போகுதுல்ல" என்று பதறுவார்கள். பேச எதுவும் இல்லை என்றா நினைக்கிறீர்கள்? நிறைய இருக்கிறது. ஆனால் வாய்விட்டுக் கூப்பிட்டால், அவள் வராமல் போய்விடலாம். இருமலுக்கு அந்தப் பயம் இல்லை.

எதிர்வீட்டு முனியராஜ் இந்த வகையில் முதல் தரம். நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். உரசினால் வெடிப்பதைப் பூப்போல அள்ளி வைக்கிற கை. போன பங்குனியில் அவர் மனைவி செல்லக்கனி, அம்மா ஊர் அம்மன் கோயில் பொங்கலுக்கு அச்சங்குளம் கிளம்பினாள். "இருமலுக்கே திரும்பிப் பாத்து அலுத்துப் போச்சுக்கா. 'வா'ன்னு அவுக வாயால சொன்னாத்தான் இனி வருவேன்" என்றாள் என்னிடம். அவரிடமும் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அவர் இருமினார்.

அவள் போன பிறகு மிஸ்டு கால் விட்டுப் பார்த்தார். அவள் அசையவில்லை. கொடியில் அவள் சேலை காயப்போடும் பாதியை அப்படியே விட்டுவிட்டு, மறுபாதியில் தன் சட்டைகளை நெருக்கி நெருக்கிக் காயப்போட்டார். டீக்கடையில் கூட்டாளி உக்கிரபாண்டி விசாரித்தார்.

"ஏலே, மதினி எங்க?"

"ஊருக்குப் போயிருக்கா."

"எப்ப வாராக?"

"வருவா."

"சரி. லோடு ஏறிருச்சா?"

சின்ன வயதுச் சிநேகிதர்கள் இருவர் மனம்விட்டுப் பேசியது இவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிந்து அச்சங்குளத்துக்கே போய்விட்டார். மைத்துனர் சோணைமுத்துவோடு உட்கார்ந்து ஆர்டர், சீசன், மழை, கரண்ட் கட் என்று உலகத்தில் உள்ளதையெல்லாம் பேசினார். செல்லக்கனி சோறு போட்டாள். அன்றைக்கு நடந்ததை அவளே எனக்குப் போனில் சொன்னாள்.

"எதுவும் சொல்லணுமா?" என்று கேட்டாளாம்.

"நேத்து நல்ல தண்ணி வந்துச்சு."

"பிடிச்சீகளா?"

"ஒரு குடந்தான். நீ இருந்தா நெறையப் பிடிப்ப."

இதைவிட அழகாக அந்த மனிதருக்கு அழைக்கத் தெரியாது. அவளுக்கும் அது புரிந்தது. புரிந்தும், அந்த ஒரு சொல்லுக்காகச் சோற்றுக் கரண்டியோடு நின்றாள். அவர் கைகழுவிவிட்டு பஸ் பிடித்தார்.

சிரிக்கிறீர்களா? நீங்கள் இருமுகிறவர் இல்லைதான். வாசலில் ஹாரன் அடிக்கிறவராக இருக்கலாம். பக்கத்தில் நிற்கிற பெண்டாட்டிக்கு, "அம்மாகிட்டச் சொல்லு" என்று பிள்ளையிடம் சொல்லி அனுப்புகிறவராக இருக்கலாம். இதைப் படித்து முடித்ததும் அடுப்படிப் பக்கம் போய் அவள் பேரைச் சொல்லிப் பாருங்கள். இருமல்தான் வருகிறதா?

முனியராஜ் இப்போது ஞாயிறுதோறும் அச்சங்குளம் போகிறார், சாப்பிடுகிறார், தனியாகத் திரும்பி வருகிறார். செல்லக்கனி இன்னும் வரவில்லை.