கனடாவுக்கு அனுப்பும் பாட்டுப் படம் பற்றி

நெடுந்தீவு கிழக்கு,
ஆவணி 1986.

அன்பும் பண்பும் ஒருங்கே அமைந்த மைத்துனர் குலசிங்கம் அவர்களுக்கு,

இங்கே நானும், உமது அக்கா சறோஜினிதேவியும், மகள் மனோகரியும், உமது அக்காவின் செல்லப் பசு சிவப்பியும் பிள்ளையார் புண்ணியத்தில் சுகம். அங்கே நீரும், ஐஸ் பெட்டிக்குள் படுத்திருப்பது போல இருக்கிறது என்று எழுதியிருந்தீரே, அந்த அறையும் எப்படியென்று அறிய ஆவலாக உள்ளோம். சுகவிசாரிப்பு இவ்வளவும் போதும். சொல்லவேண்டிய விசயம் தொண்டைக்குள் நின்று துள்ளுகிறது. மச்சான், படம் முடிந்துவிட்டது!

சித்திரையில் நீர் எழுதிய கடிதத்தை நீர் மறந்தாலும் நாங்கள் மறக்க ஏலாது. ரொறன்ரோவில் இருக்கிற எங்கள் ஊர் ஆட்கள் எல்லாரும் ஒருநாள் கூடியிருந்து கதைத்தபோது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஊரைக் காட்டி ஒரு பாட்டுப் படம் எடுத்து அனுப்பினால், அதைப் பார்த்த சூட்டோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஜெனரேற்றர் வாங்கித் தருவோம் என்று சொன்னதாக எழுதியிருந்தீர். அதை நான் சோற்றுக் கோப்பையோடு இருந்து உரத்து வாசித்தேன். அதுதான் நான் விட்ட பிழை. மனோகரி பாதிச் சாப்பாட்டில் எழும்பி ஓடிவிட்டாள். உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் போத்தல் விளக்குப் புகையில் படித்து மூக்குக் கறுத்துத் திரிகிறதுகள். ஜெனரேற்றர் என்ற சொல் அதுகளுக்கு மந்திரம் மாதிரி. பின்னேரம் நான் வேலைபார்க்கிற கூட்டுறவுச் சங்கக்கடையைப் பூட்டிவிட்டு வந்தபோது பாட்டு எழுதியாயிற்று, மெட்டும் போட்டாயிற்று.

"கடலைத் தாண்டிப் போனவரே – எங்கள்
கல்வேலி உம்மைத் தேடுதையா"

என்று தொடங்கும். எங்கள் வீட்டுக் கல்வேலி பாதி விழுந்து கிடக்கிறது, அது யாரையும் தேடுகிற நிலையில் இல்லை என்று சொன்னேன். யார் கேட்டது?

பாட ஆள் ஜசிந்தா. கடற்றொழில் செய்கிற யாக்கோப்பு அண்ணையின் மகள், மனோகரியின் வகுப்பு. மாதா கோயிலில் அவள் பாடினால் கேட்பதற்காகவே உமது அக்கா, அசல் சைவக்காரி, அந்தப் பக்கம் புல்லுப் பிடுங்கப் போவாள். கமெராவும் தானாகவே வந்து இறங்கியது. யாக்கோப்பு அண்ணையின் தம்பி எமிலியானுஸ் கப்பலில் வேலை செய்பவர். லீவில் வந்தவர், சிங்கப்பூரில் வாங்கிய வீடியோக் கமெரா, படம் ஓட்டுகிற டெக், ரீவி மூன்றையும் வள்ளத்தில் ஏற்றி வந்தார். "பிள்ளையள் ஆசைக்கு எடுங்கோ. நான் கப்பலுக்குத் திரும்பேக்கை கசெற்றைக் கொண்டுபோய் வெளியிலை தபாலிலை போட்டு விடுறன்" என்றார். அவர் புறப்படும் நாள்தான் எங்களுக்குக் கெடு.

ஆனால் யாக்கோப்பு அண்ணை குறுக்கே நின்றார். "கோயிலிலை பாடட்டும், பள்ளிக்கூடத்திலை பாடட்டும், ஓம். ரீவிப் பெட்டிக்குள்ளை என்ரை பிள்ளையின்ரை முகம் போறதுக்கு நான் சம்மதியன். கனடாவிலை கண்டவன் நிண்டவன் எல்லாம் பாத்துக் கதைப்பான்."

ஜசிந்தா அழுவாள் என்று நான் நினைத்தேன். அவள் நிலத்தைப் பார்த்தபடி, "அப்பா, குரலை மட்டும் குடுக்கலாமோ?" என்று கேட்டாள்.

அண்ணை தலையைச் சொறிந்தார். "குரலுக்கு முகம் இல்லைத்தானே. குடு."

ஆகவே ஜசிந்தா பாட, வகுப்பில் வேறொரு பிள்ளை வாயசைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. முதலில் பாட்டைக் கசெற் போடுகிற றேடியோவில் பதியவேண்டும். இந்த மாதங்களில் ஓயாமல் அடிக்கிற சோளகக் காற்று உமக்குத் தெரியும். முற்றத்தில் பதிந்தார்கள், காற்று மட்டும் ஊ என்று பாடியது. பள்ளிக்கூட அறைக்குள் பதிந்தார்கள், ஓட்டுக்குள்ளால் காற்று விசில் அடித்தது. நான் இது ஒன்றும் அறியாமல் கடையால் வந்து, சேட்டு மாற்றுவோம் என்று எங்கள் அறைக்குப் போனால், மச்சான், அலுமாரி பாடுகிறது! கடலைத் தாண்டிப் போனவரே என்று அலுமாரி என்னைப் பார்த்து உருகிப் பாடுகிறது! நான் பிள்ளையாரை நினைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். உமது அக்காவின் கூறைச் சேலைக்கும் என் கோட்டுக்கும் நடுவில், வேர்த்து விறுவிறுத்தபடி ஜசிந்தாவும், றேடியோவை நெஞ்சோடு அணைத்தபடி மனோகரியும். "அப்பா! கெடுத்துப் போட்டியள்! உடுப்புக்குள்ளை காத்தும் கேக்காது, எதிரொலியும் வராது, எவ்வளவு வடிவா வந்துகொண்டு இருந்தது!" என்று மகள் எனக்குத்தான் ஏசினாள். நான் மன்னிப்புக் கேட்டுக் கதவைச் சாத்திவிட்டு, வேர்வைச் சேட்டோடு குசினிக்குள் போய் இருந்தேன்.

அடுத்தது படம். றேடியோவில் பாட்டைப் போட, அந்தப் பிள்ளை வாயசைக்க, மனோகரி கமெராவில் பிடித்தாள். கமெராப் பற்றறிக்கு மாதா கோயில் ஜெனரேற்றரில்தான் சார்ச் ஏற்றவேண்டும். பகலில் கோயில் பாடல் பயிற்சி நேரம் மட்டும்தான் சுவாமியார் அதைப் போடுவார் என்றதால், பிள்ளைகள் பயிற்சியை நீட்டு நீட்டென்று நீட்டி, வராத திருநாளுக்கெல்லாம் பாடிப் பழகினார்கள். கடைசியில் ரீவியில் போட்டுப் பார்த்தால், பாட்டு முடிந்த பிறகும் அந்தப் பிள்ளை வாயசைத்துக்கொண்டு நிற்கிறது! றேடியோவின் பற்றறி இறங்கிப் பாட்டு இழுபட, அந்தப் பிள்ளையும் சேர்ந்து இழுத்திருக்கிறது. எல்லாரும் தலையில் கைவைத்தோம். புதுப் பற்றறி போட்டுத் திருப்பி எடுத்தும் இடைக்கிடை வாய் தப்பியது. அப்போதுதான் எங்கள் சிவப்பி அசைபோடுகிறதைத் தற்செயலாகப் பிடித்த துண்டொன்று, றேடியோவில் பாட்டு ஓட ஓட, ரீவியில் வந்தது. மனோகரி கத்தினாள்: "அப்பா, பாருங்கோ! சிவப்பிக்கு வாய் சரியாப் பொருந்துது!" உண்மை மச்சான். தேடுதையா என்ற இடத்தில் சிவப்பியின் வாய் அச்சொட்டாகப் பொருந்துகிறது. வாய் தப்பிய இடமெல்லாம் சிவப்பி வந்தாள்.

பிறகு எங்கள் தீவின் காட்டுக் குதிரைகள். கரையில் குதிரைகள் ஓட, கமெராவும் கூட ஓடவேண்டுமாம். சைக்கிளில் வைத்து எடுத்தால் கல்லில் துள்ளித் துள்ளி, பார்க்கிறவனுக்குத் தலை சுற்றும். வண்டிலில் வைத்தால் அதைவிட மோசம். வள்ளத்தில் வைத்து, காற்று மறைவான கரையோடு முழங்கால் தண்ணீரில் இழுத்தால் வழுக்கிக்கொண்டு போகுமே என்று சொன்னவள் ஜசிந்தா. வள்ளம் யாருடையது? யாக்கோப்பு அண்ணையுடையது. கேட்கப் போனவன் நான்.

"வள்ளம் தரலாம்" என்றார். "வேறை ஒருத்தரும் தொடக்கூடாது. நானே இழுப்பன்."

இழுத்தார். வள்ளத்துக்குள் மனோகரி கமெராவோடு, நான் அவள் விழாமல் சட்டையைப் பிடித்தபடி, என் மடியில் றேடியோ. கரையில் அந்தப் பிள்ளை நடந்து வாயசைக்கிறது. ஜசிந்தா கமெராவில் விழாமல் ஒரு தாழம் பற்றைக்குப் பின்னால் நிற்கிறாள். பாட்டு ஓடுகிறது. அண்ணை கயிற்றைத் தோளில் போட்டபடி கொஞ்சத் தூரம் போனார், நின்றார், திரும்பிக் கரையைப் பார்த்தார். மறுபடி இழுத்தார், மறுபடி நின்றார். பிறகு கயிற்றைத் தண்ணீருக்குள் எறிந்துவிட்டுக் கத்தினார் பாரும்.

"என்ரை பிள்ளையின்ரை பாட்டை உந்தப் பிள்ளை ஏன் புளியங்கொட்டை சப்பிறமாதிரிச் சப்புது? நிப்பாட்டு! ஜசிந்தா! எங்கையடி ஒளிச்சு நிக்கிறாய்? வா வெளியிலை! நீ பாடின பாட்டை நீ பாடு!"

பற்றைக்குள்ளால் ஒரு தலை மட்டும் எட்டிப் பார்த்தது. "அப்பா, முகம்..." என்றாள் ஜசிந்தா.

"முகத்துக்கு என்ன? நல்ல முகம்தானே. தலையைச் சீப்பாலை இழுத்துப் போட்டு வா."

வாயசைத்த பிள்ளை, அப்பாடா என்று மணலில் குந்திவிட்டது. ஜசிந்தா நடந்தாள், பாடினாள். வாயசைக்கவில்லை மச்சான், றேடியோவையும் மேவிப் பாடினாள். அந்தநேரம் பார்த்துக் குதிரைகள் ஓடிவந்தன. அண்ணை வள்ளத்தை இழுத்த இழுவையில் எனக்கு வாய்க்குள் உப்புத் தண்ணீர். ஆனாலும் நான் "எடு, எடு, விடாதை!" என்று கத்திக்கொண்டே இருந்தேன். என் ஆயுளில் நான் அப்படிக் கத்தியதில்லை.

எடுத்ததை ஒட்டவேண்டுமே. அதற்கு இரண்டு டெக் வேண்டும். ஒன்றில் ஓடவிட்டு மற்றதில் வேண்டிய துண்டை மட்டும் பிடிப்பது. இரண்டாவது டெக்கை இரவல் வாங்க நான் நயினாதீவுக்குப் போனேன். திரும்பி வருகையில் அலை அடிக்க அடிக்க டெக்கைக் குடையின் கீழ் வைத்துவிட்டு நான் நனைந்துகொண்டு வந்தேன். மனோகரி ஓடவிட, மற்ற டெக்கில் பெருவிரலால் அமர்த்திப் பிடித்திருக்கிற பொத்தானை நான் விடவேண்டும். விட்டேன், துண்டின் தலை வெட்டுப்பட்டது. மறுபடி விட்டேன், ஜசிந்தா "லைத் தாண்டி" என்று தொடங்குகிறாள். மகள் கன்னத்தில் கைவைத்து இருந்து யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா, உந்த டெக் சொன்ன உடனை பிடிக்காது. உங்களைப் போலை, கொஞ்சம் செருமிப்போட்டுத்தான் தொடங்கும். நான் உம் எண்டால் யோசியாமல் விடுங்கோ." அவள் உம் என்றாள், நான் விட்டேன், பொருந்தியது! கையைத் தட்டிக்கொண்டு எழும்பினேன், வயரில் கால் தடக்கி அவ்வளவும் நின்றுபோயிற்று.

திருப்பித் தொடங்கினால், படம் சுருங்குகிறது. மாதா கோயில் ஜெனரேற்றரில் இரண்டு டெக்கும் ரீவியும் ஓட, சுவாமியாரின் குளிர்ப்பெட்டியும் சேர்ந்து கரண்டை இழுக்கிறது. கேட்க எங்களுக்கு வெட்கம். அவரே வந்து பார்த்தார், சுருங்கிப்போன ஜசிந்தாவைக் கண்டார், போய்ப் பெட்டியை நிற்பாட்டினார். "உள்ளுக்கை இருக்கிற இறைச்சி பழுதாப் போகுமே, சுவாமி?" என்றேன். "அப்ப சமைச்சு எல்லாரும் சாப்பிடுவம்" என்றார். நான் மரக்கறி என்றதால் எனக்கு மட்டும் பாணும் வாழைப்பழமும். கடைசித் துண்டு ஒட்டி முடிந்தபோது என் பெருவிரல் கொழுக்கட்டைபோல வீங்கியிருந்தது. வலி கொஞ்சமும் தெரியவில்லை.

மாதா கோயில் ஜெனரேற்றரைப் பள்ளிக்கூட மண்டபத்துக்குக் கொண்டுவந்து ஊருக்குப் போட்டுக் காட்டினோம். சிவப்பி பாடிய இடத்தில் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. உமது அக்கா மட்டும் சிரிக்கவில்லை, பெருமையில் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். ஜசிந்தா கரையில் நடந்து வந்தபோது இருந்த சனம் எழும்பி நின்று பார்த்தது. பாட்டு முடிந்தது. பின்னால் கதவோடு நின்ற யாக்கோப்பு அண்ணைதான், "இன்னொருக்கால் போடு, பிள்ளை" என்றார். ஜெனரேற்றரில் எண்ணெய் முடியும்வரை போட்டோம்.

இத்துடன் அந்தக் கசெற்றை எமிலியானுஸிடம் கொடுத்து அனுப்புகிறேன். ஊர் ஆட்கள் எல்லாரையும் கூட்டிவைத்துப் பாரும், ஜெனரேற்றர் விசயத்தையும் சூடு ஆறமுதல் கதையும். என்னைப் பொறுத்தவரை, இது முதலும் கடைசியும். இனி என் வீட்டில் படம் எடுப்பது என்ற கதையே கிடையாது என்று மனோகரியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அவளும் படிக்கவேண்டும், நானும் சங்கக்கடையைப் பார்க்கவேண்டும், வள்ளம் மீனுக்குப் போகவேண்டும்.

பிள்ளையாரும், சுவாமியார் சேர்த்து எழுதச் சொன்னபடியால் மாதாவும், உம்மைக் காத்துக் கால்கை சுகத்தோடு நீடூழி வாழவைப்பார்களாக. அக்கா முத்தம் சொல்கிறாள், கழுத்துக்குச் சால்வை சுற்றச் சொல்கிறாள்.

இங்ஙனம்,
உமது அன்பு அத்தான்,
க. சிவபாதம்

பி.கு: இறங்குதுறையில் இருந்து எழுதுகிறேன், எழுத்து ஆடுவதை மன்னிக்கவும். வள்ளத்தில் ஏறி இருந்த எமிலியானுஸ் கசெற்றை வாங்கி விலாசத்தைப் பார்த்துவிட்டு, "கனடாவுக்கோ? நான் லண்டனுக்கு எண்டெல்லோ நினைச்சனான்! உது லண்டனிலை ஓடும், சிங்கப்பூரிலை ஓடும், கனடாவிலை ஓடாது. அங்கத்தை ரீவி வேறை மாதிரி. போட்டால் கறுப்புக் கோடுதான் ஓடும்" என்கிறார். சிங்கப்பூரில் ஒரு கடையில் கொடுத்தால் மாற்றித் தருவார்களாம், அதையும் சொன்னார், ஆனால் அதை ஒருத்தரும் காதில் விழுத்தவில்லை. மனோகரி "அப்ப முதலிலை இருந்து எடுப்பம், இந்தமுறை மேகத்தையும் எடுக்கலாம்" என்று குதிக்கிறாள். யாக்கோப்பு அண்ணை, "நல்லது, போனமுறை இழுத்த என்ரை முதுகு மட்டும்தான் படத்திலை விழுந்தது, முகம் ஒரு இடத்திலையும் இல்லை" என்று வள்ளத்தைத் தள்ளப் போய்விட்டார். ஆகவே இத்துடன் கசெற் இல்லை, கடிதம் மட்டும் தபாலில் வருகிறது. உமது நாட்டில் ஓடக்கூடிய கமெரா ஒன்றை உடனே அனுப்பிவைக்கவும். எமிலியானுஸும் தான் படத்தில் இல்லை என்பது இப்போதுதான் நினைவு வந்து, பெட்டியோடு கரையில் இறங்கித் சீப்பால் தலை இழுத்துக்கொண்டு நிற்கிறார். நான் நரைத்த தலைக்கு மை பூசப் போகிறேன்.