நாலாவது மாடியில் காத்திருந்த வீடு

வட்டி குறைந்தால்தான் வீடு. அதுவரை ஒரு செங்கல்லைக்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. இது கைரோல்லாவின் சபதம். சபதம் எடுத்து வருஷங்கள் ஓடிவிட்டன. வட்டி ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. ஏறும்போது, "இப்பப் போய் எவனாவது வீடு வாங்குவானா?" என்பார். இறங்கும்போது, "இன்னும் இறங்கும், பொறு" என்பார். அல்மாட்டி நகர வானிலை அலுவலகத்தில் அவருக்கு உத்தியோகம். நாளைக்கு மழையா வெயிலா என்று சொல்லி ஊரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது போதாதென்று, நாட்டின் வட்டி விகிதத்தையும் அவரே கணித்துக்கொண்டிருந்தார். இரண்டிலும் ஒரே மாதிரி பலன்தான்.

மனைவி ரௌஷானுக்கு மருந்துக் கடையில் வேலை. வாடகை வீடு மாறி மாறி அலுத்துப்போனவள். கல்யாணத்துக்கு வந்த பீங்கான் கிண்ணங்களை அவள் அட்டைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்ததே இல்லை. எடுத்தால் மறுபடி கட்ட வேண்டும். வீட்டுச் சொந்தக்காரி அவ்வப்போது வந்து, எங்காவது ஆணி அடித்திருக்கிறார்களா என்று சுவரைத் தடவிப் பார்ப்பாள். சொந்தமாக ஒரு சுவர், அதில் இஷ்டத்துக்கு ஆணி. ரௌஷான் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

முதல் பனி விழுந்த வாரம் அவள் ஒரு வீட்டைக் கண்டுபிடித்தாள்.

"நாலாவது மாடி. சமையலறை ஜன்னல்ல நின்னா மலை தெரியுது. விக்கிறவரு மகளோட இருக்க ஷிம்கெந்த் போயிட்டாரு. சாவியக்கூட என்கிட்ட குடுத்திருக்காரு."

"வட்டி என்னன்னு தெரியுமா?"

"தெரியும்."

"வசந்தம் வரட்டும். பனி மாதிரி உருகும் பாரு."

"போன வசந்தத்துல பனி மட்டுந்தான் உருகுச்சு."

"ரௌஷான், இதெல்லாம் கணக்கு. உனக்குப் புரியாது."

"வேற எவனாவது கொத்திக்கிட்டுப் போயிடுவான், குடும்பத் தலைவரே."

"போகட்டும். அவன் கட்டுவான் வட்டி."

இரண்டு மாதம் இப்படியே போயிற்று. பிறகு ஒருநாள் அவளாகவே இறங்கி வந்தாள். "வேண்டாம்னா வேண்டாம். ஒரு தடவை நேர்ல போயி பாத்துட்டு வந்து சொல்லிடுங்க. அதுக்கப்புறம் நான் வாயே திறக்கமாட்டேன்" என்று சாவியை நீட்டினாள். இவ்வளவு சுலபமாக இறங்கி வருகிற மனைவியைப் பார்த்தால் ஓர் ஆண்பிள்ளை உஷாராக வேண்டாமா? கைரோல்லாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அவருக்கு ஒரு திட்டம் இருந்தது. ரௌஷான் பொழுது சாய்ந்தால் வீடு கூட்டமாட்டாள். வீட்டுக்குள் யாராவது விசிலடித்தால் பதறுவாள். கண்ணேறு கழிக்க மூலைமுடுக்கெல்லாம் தழையைக் கொளுத்திப் புகை காட்டுவாள். அப்படிப்பட்டவளிடம், "அந்த வீட்டுல என்னமோ நடமாடுது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதாதா? வசந்தம் வரைக்கும் தாங்கும். டிராலி பஸ்ஸில் உட்கார்ந்து கதையைத் தயார் செய்தார். கதவுக்குப் பின்னால் ஒரு பெருமூச்சு. யாரோ பேர் சொல்லிக் கூப்பிடும் குரல். அளவாக இருந்தால்தான் நம்புவாள் என்று நினைத்துக்கொண்டார்.

வானம் தெளிவாக இருக்கும் என்று அன்று காலை அவர்தான் அறிவித்திருந்தார். பஸ்ஸைவிட்டு இறங்கினால் தன் கையே தெரியாத மூடுபனி. சாலையைக் கடக்கும்போது ஒரு கார் சத்தமில்லாமல் வந்து உரசிக்கொண்டு போனது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டடத்தின் வாசலுக்கு வந்து சேர்ந்தார்.

இலையுதிர்ந்த மரத்தடியில், பெஞ்சின் மேல், வெண்தாடிக் கிழவர் ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"வா கைரோல்லா. வந்துட்டியா?"

கைரோல்லா அவரை ஜென்மத்தில் பார்த்ததில்லை. "என்னை உங்களுக்குத் தெரியுமா, பெரியவரே?"

"இங்க வரவேண்டியவங்களத் தெரியாம இருக்குமா? நாங்களும் எத்தன நாளா எதிர்பாத்துக்கிட்டிருக்கோம். ஏறு. மேல எல்லாரும் கூடியாச்சு."

படிக்கட்டில் விளக்கில்லை. லிஃப்ட் செத்துக் கிடந்தது. முதல் மாடியில் ஒரு கதவு விரல்கடை அளவு திறந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரு முகம். உதட்டின் மேல் விரலை வைத்து, "வந்துட்டாரு" என்று உள்ளே யாரிடமோ முணுமுணுத்தது. கதவு மூடிக்கொண்டது. இரண்டாவது மாடியிலும் அப்படியே. மூன்றாவது மாடிக் கதவு திறக்கும் முன்பே கைரோல்லா ஓடிக் கடந்துவிட்டார்.

நாலாவது மாடி. விற்பனைக்கு வந்த வீட்டின் கதவுக்கு முன்னால் ஒரு ஜோடிச் செருப்பு இருந்தது. குனிந்து பார்த்தார். இடது குதிகால் மட்டும் ஒருக்களித்துத் தேய்ந்த, வீட்டுக்குள் போடும் பழுப்புச் செருப்பு. அவருடையது. ஒரு மாதமாக வீடு முழுக்கத் தேடிய செருப்பு.

சாவியை எடுத்தார். அப்போது உள்ளே யாரோ நடந்தார்கள். சமையலறைப் பக்கமிருந்து ஜன்னல்வரை நிதானமாக வந்து நின்றார்கள். பிறகு கிண்ணத்தில் கரண்டி சுழலும் சத்தம்.

சாவி பைக்குள் திரும்பிப் போனது. கைரோல்லா யோசித்தார். அந்தக் கார் உரசியதோடு போனதா? அவர் சாலையைக் கடந்தது நிஜம்தானா? இந்த நிசப்தம், இந்த மூட்டம், பேர் தெரிந்து வைத்திருக்கும் கிழவர்... செத்துத்தான் போனோமா? வட்டி குறைவதற்கு முன்பேவா? அவருக்கு அழுகை வந்தது. முதலில் ரௌஷானை நினைத்து அழுதார். பிறகு, தன் கணிப்பு பலிப்பதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று அழுதார்.

எதிர்க் கதவு திறந்தது. பருத்த பெண்மணி ஒருத்தி நின்றாள். "வாங்க தம்பி, நான் குல்சிம். உள்ள வாங்க, ஆறிடப்போவுது" என்று காதோடு சொல்லி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

உள்ளே மெழுகுவர்த்திகள். தரையில் விரிப்பு, அதைச் சுற்றிக் கட்டடமே உட்கார்ந்திருந்தது. யாரும் பேசவில்லை. எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். நடு இடம் அவருக்காகக் காலியாக இருந்தது. தட்டில் குதிரைக்கறி ஆவி பறந்தது.

"நீங்கள்லாம்... இங்க எப்ப வந்தீங்க?" கைரோல்லாவின் குரலும் தானாகத் தாழ்ந்துவிட்டது.

"நான் வந்து நாப்பது வருஷமாச்சு" என்றார் ஒருவர் கிசுகிசுப்பாக.

"என் வீட்டுக்காரரு எனக்கு முன்னாடியே வந்துட்டாரு. நான் அப்புறந்தான் வந்து சேர்ந்தேன்" என்றாள் ஒருத்தி.

"ஆரம்பத்துல குளிரும், தம்பி. போகப் போகப் பழகிடும்."

"திரும்பிப் போனவங்க... யாராவது?"

"யாரும் போனதில்ல. எதுக்குப் போகணும்?"

கைரோல்லா வேறு வழி தெரியாமல் சாப்பிட ஆரம்பித்தார். செத்த பிறகு கறியில் உப்பு இவ்வளவு சரியாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார். வெண்தாடிக் கிழவர் மெதுவாகப் படியேறி வந்து, உள்ளங்கைகளை விரித்து ஆசி சொன்னார். "குடி வந்த எடம் ஒனக்கு நெலைக்கட்டும். இந்தச் சுவத்துக்குள்ள சிரிப்புச் சத்தம் கேக்கட்டும்." எல்லோரும் ஆமீன் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார்கள். பழக்க தோஷம், கைரோல்லாவின் கையும் எழுந்து முகத்தைத் தடவியது.

அந்த நொடியில் கரண்ட் வந்தது. அடுத்த அறையில் ஒரு குழந்தை வீறிட்டது.

"அப்பாடா, இனிமே வாய்விட்டுப் பேசலாம்!" என்று குல்சிம் கத்தினாள். "பேரனுக்குப் பல்லு முளைக்குது. இப்பத்தான் கண்ணயர்ந்தான். எழுப்பிடாதீங்கன்னு கட்டடம் பூராவும் சொல்லி வெச்சிருந்தேன்."

அறை முழுக்க ஒரே நேரத்தில் இரைச்சல் கிளம்பியது. கைரோல்லா தட்டைப் பார்த்தார்.

"அக்கா... இது எருலிக்கா?"

"பின்ன என்னன்னு நெனச்சீங்க?"

புதிதாகக் குடி வந்தவர்களுக்குப் பழைய குடித்தனக்காரர்கள் போடும் விருந்துக்கு எருலிக் என்று பேர். அதைச் சாப்பிட்டவன் பக்கத்து வீட்டுக்காரன். அதில் மாற்றமே கிடையாது.

"ரௌஷான் மாதிரி ஒருத்தி கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்" என்றார் கிழவர். "தெனம் சாயங்காலம் வந்து வீட்டத் தொறந்து காத்தாட விடும். என் முட்டிவலிக்கு மருந்து கொண்டாந்து தரும். வர்ற வெள்ளிக்கிழம ஒங்க வீட்டுல பதில் விருந்துன்னு எல்லாரையும் கூப்பிட்டிருச்சு."

நான் இன்னும் வீடே வாங்கவில்லை என்று அந்தக் கூட்டத்துக்கு நடுவில், வயிறு நிறைந்த நிலையில், ஒரு கசாக்குக்காரன் எப்படிச் சொல்வான்? இதற்குச் செத்திருந்தாலே தேவலை என்று கைரோல்லாவுக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியைப் பிடித்துக்கொண்டார்.

"என் செருப்ப அங்க கொண்டுபோய் வெச்சது நீதானே?"

"ஆமா. புது வீட்டுல வெறுங்கால்ல நிப்பீங்களா?"

"உள்ள நடந்துக்கிட்டு என்னைப் பயமுறுத்துனதும் நீதான்!"

"நடந்தேனா? நான் இன்னிக்குக் கடையவிட்டு நகரவே இல்லையே. இருக்கிற ஒரே சாவியும் உங்க பையிலதானே இருந்துது?"

கைரோல்லா பையிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்தார். "கிண்ணத்துல கரண்டி சத்தம் கேட்டுது, ரௌஷான். சத்தியமா."

அவள் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள். "இருந்துட்டுப் போகட்டும். பாவம், தானே டீ போட்டுக் குடிச்சுக்கிட்டுக் காவல் இருக்கு."

"உனக்குப் பயமா இல்லையா?"

"நம்ம வீட்டுச் சொந்தக்காரிகூட இத்தன வருஷம் குப்பை கொட்டியாச்சு. இனிமே எனக்கு எத பாத்துப் பயம்?"

மறுநாள் வங்கி திறப்பதற்கு முன்பே கைரோல்லா வாசலில் நின்றார். அன்றைக்குப் பார்த்து வட்டி இன்னும் ஏறியிருந்தது.

"எவ்வளவா வேணா இருக்கட்டும்மா!" என்று மேஜைக்குப் பின்னாலிருந்த பெண்ணிடம் மன்றாடினார். "வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்!"

அவள் அவர் பேரைக் கேட்டு, கம்ப்யூட்டரைப் பார்த்து, சிரித்தாள்.

"உங்க வீட்டம்மா பனிக்காலம் தொடங்குறப்பவே வந்து, அப்போ இருந்த குறைஞ்ச வட்டிக்கே எல்லாத்தையும் பேசி முடிச்சுட்டாங்க அண்ணே. உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. அவரே ஒருநாள் விழுந்தடிச்சுக்கிட்டு ஓடி வருவாரு, அதுவரைக்கும் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணாதீங்கன்னு சொல்லியிருந்தாங்க."