முதுகுவலி மனு

அந்த வக்கீல் ஒரு வழக்கிலும் ஜெயித்ததில்லை, தோற்றதும் இல்லை. முடிய விட்டால்தானே! வாய்தா வாங்குவதில் மனுஷர் பலே கில்லாடி. நாற்காலிக் கடையைக் காலி செய்யச் சொல்லிக் கட்டட முதலாளி போட்ட வழக்கைப் பதினோரு வருஷம் இழுத்தடித்தார். முதலாளி வெறுத்துப்போய்க் கட்டடத்தைக் கடைக்காரருக்கே வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்.

மகத்தான வெற்றி. பீஸ்தான் வரவில்லை.

"அடுத்த வாரம் பார்க்கலாம் சார்" என்று கடைக்காரர் நாற்பதாவது தடவை சொன்னதும், வக்கீல் அவர் மேலேயே வழக்குப் போட்டார். வேறு வழி? அவருடைய ஆபீஸ் அறைக்கு எட்டு மாச வாடகை பாக்கி. மாசக் கடைசிக்குள் கட்டாவிட்டால் அறைக்குப் பூட்டு என்று சொல்லிவிட்டாள் அறைக்காரம்மா. வீட்டிலோ, "ஊருக்கெல்லாம் நியாயம் வாங்கித் தர்றீங்க, உங்க காசை வாங்கத் துப்பில்லையே!" என்று மனைவி.

கடைக்காரர் கோர்ட்டில் தன்னந்தனியாக வந்து நின்றார்.

"உங்க வக்கீல் எங்கே?" என்றார் நீதிபதி.

"எதுக்குங்கய்யா? இவர் எனக்காக எழுதின மனு அறுபத்திரண்டு இருக்கு. நகலெல்லாம் பத்திரமா வச்சிருக்கேன். ஒண்ணுல தேதியை மட்டும் மாத்திக் கொண்டாந்தேன்."

நீதிபதி வாங்கிப் படித்தார். "எதிர்பாராததும் தவிர்க்கவியலாததும் சொல்லொணாததுமான முதுகுவலியின் பொருட்டு..."

வக்கீல் துள்ளி எழுந்தார். "அத்தனையும் பொய்யுங்கய்யா! காலையில நாலு நாற்காலியை ஒரே மூச்சுல தூக்கி வண்டியில ஏத்தினார். என் கண்ணால பார்த்தேன்!"

"முதுகுவலி வெளியே தெரியாதுன்னு இதே இடத்துல ரெண்டு மணி நேரம் வாதாடினது நீங்கதானே? அதை நம்பி நானும் உத்தரவு போட்டேன். அப்போ நீங்க சொன்னது பொய்யா, இப்போ சொல்றது பொய்யா?"

வக்கீல் மனசுக்குள் கணக்குப் போட்டார். முதுகுவலி உண்மை என்றால் பணம் கிடைக்காது. பொய் என்றால் தொழிலே போய்விடும்.

"கடுமையான வலிதாங்கய்யா" என்றார், அழாத குறையாக.

"பாவம். மூணு மாசம் ஓய்வெடுக்கட்டும்."

மாசக் கடைசியில் அறைக்காரம்மா சொன்னபடி பூட்டைத் தொங்கவிட்டாள். கையோடு, காலி செய்யச் சொல்லி வழக்கும் போட்டாள். சட்டப் புத்தகம், டைப்ரைட்டர், பழைய மனுக்கள் எல்லாம் உள்ளே. தேதியும் நெருங்கி, விடிந்தால் விசாரணை. வக்கீல் மானத்தை விட்டு நாற்காலிக் கடைக்குப் போனார்.

வாசலில் புதுப் பலகை தொங்கியது: 'வாய்தா மனுக்கள் தயார் நிலையில் கிடைக்கும்.' உள்ளே விற்பனைக்கு வைத்திருந்த நாற்காலிகளில் ஆட்கள் வரிசையாகக் காத்திருந்தார்கள். மூன்றாவது நாற்காலியில் நீதிபதி. பாவம், அவரும் வாடகை வீட்டில் குடியிருப்பவர்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி சுவரைப் பார்த்தார்கள்.

"ஒரு முதுகுவலி கொடுங்க. காசு அடுத்த வாரம் தர்றேன்" என்றார் வக்கீல், தணிந்த குரலில்.

கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "முதல்ல ரொக்கம், அப்புறம்தான் மனு. கோவிச்சுக்காதீங்க சார். அடுத்த வாரம்னு சொல்றவங்ககிட்ட வசூல் பண்றது என்ன பாடுன்னு உங்களுக்குத் தெரியாததா?"

வக்கீல் சட்டைப்பையைத் துழாவி, இருந்ததை எண்ணி வைத்தார்.